மாடி ரௌட்டரா, கீழ் ரௌட்டரா: வீட்டில் முகவரி கொடுக்கும் வேலையை யாரிடம் விடுவது?

எங்கள் வீட்டில் நெட் தகராறு செய்கிறது என்றால் அதற்குச் சற்று முன்னால் கரண்ட் போய் வந்திருக்கும். இந்த ஒரு சங்கதியைக் கவனிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை கஸ்டமர் கேருக்கு ஃபோன் போடுவது, அவர்கள் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பது, ஆன் பண்ணினால் சரியாகிவிடுவது, அடுத்த கரண்ட் கட்டில் மறுபடியும் முதலிலிருந்து என்றே ஓடியது.

வீடு மதுரையில். கீழே நானும் அப்பா அம்மாவும், மாடியில் தம்பி குடும்பம். ஃபைபர் கொடுத்தவர்கள் வைத்த பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. இதை ஓஎன்டி என்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் அது மோடம்தான். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஒரு கோடு சிக்னல்தான் ஏறும். தம்பி முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் வைத்திருந்த பழைய ரௌட்டரை எடுத்து வந்து, படிக்கட்டு வழியாக ஒரு கேபிளை இழுத்து, இரண்டையும் இணைத்துவிட்டான். பச்சை விளக்கு எரிந்தது, மாடியில் வைஃபை ஓடியது, அவனும் சந்தோஷமாக மாடிக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. அப்பா ஃபோனில் நெட் வரும், என் ஃபோனில் 'இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை' என்று வரும். மறுநாள் எனக்கு வரும், அப்பாவுக்கு வராது. மாடியில் டிவி ஓடும், தம்பி மனைவியின் ஆபீஸ் லேப்டாப் ஓடாது. இன்னும் குழப்பம் என்னவென்றால், கீழ் வைஃபையில், அதாவது ஓஎன்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஃபோனிலும் நெட் வராமல் போகும்.

காரணம் சின்னதுதான். கீழ்ப் பெட்டியின் முகவரி 192.168.1.1. பழைய ரௌட்டரின் முகவரி 192.168.0.1. இரண்டிலும் டிஹெச்சிபி ஓடிக்கொண்டிருந்தது, அதாவது வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு ஃபோனுக்கும் டிவிக்கும் ஓர் ஐபி முகவரி, நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், எடுத்துக் கொடுக்கும் வேலையை இரண்டுமே செய்துகொண்டிருந்தன. தம்பி கேபிளின் இரு முனைகளையும் லேன் போர்ட்டிலேயே, அதாவது வீட்டுச் சாமான்களை இணைக்கும் துளையிலேயே, செருகியிருந்ததால் மாடியும் கீழும் சேர்ந்து ஒரே நெட்வொர்க். ஒரு ஃபோன் வைஃபைக்குள் வந்ததும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று பொதுவாகக் கூவும். இரண்டு பெட்டிகளுக்கும் அது கேட்கும், இரண்டும் பதில் சொல்லும், எந்தப் பதில் முதலில் வந்து சேர்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் ஃபோன் எடுத்துக்கொள்ளும். கீழ்ப் பெட்டி கொடுத்தால் பிழைத்தோம். மாடி ரௌட்டர் கொடுத்தால், "வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ" என்று கேட்வேயாகத் தன்னையே சொல்லி அனுப்பும். அதன் வேன் போர்ட்டிலோ, அதாவது வெளி இணையம் வந்து சேர வேண்டிய துளையிலோ, ஒன்றும் செருகவில்லை. முட்டுச்சந்து.

சரி, ஏன் கரண்ட் போய் வந்தால் மட்டும்? ஓஎன்டி முழுதாக எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கிறது. பழைய ரௌட்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் யார் யார் கேட்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் மாடிதான் பதில். வாங்கிய முகவரிக்கு ஒரு குத்தகைக் காலம் உண்டு, சில ரௌட்டரில் 2 மணி நேரம், பலவற்றில் ஒரு நாள். பாதிக் காலம் ஓடியதும் ஃபோன் யாரிடம் வாங்கியதோ அவரிடமே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். ஆக, ஒருமுறை தப்பான இடத்தில் வாங்கியது தானாகத் திருந்தாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது என்பது மறுபடியும் சீட்டு குலுக்கிப் போடுவதுதான், அதனால்தான் சில சமயம் 'சரியானது'.

உங்கள் வீட்டிலும் இதேதானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஃபோனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்துக்குள் போனால் ஐபி முகவரியும் கேட்வேயும் இருக்கும், ஐஃபோனில் அதையே ரௌட்டர் என்று போட்டிருப்பார்கள். நெட் வரும் ஃபோனையும் வராத ஃபோனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் இருந்தால் இரண்டு பேர் முகவரி கொடுக்கிறார்கள். விண்டோஸ் லேப்டாப் இருந்தால் இன்னும் தெளிவு, கமாண்ட் திரையில் ipconfig /all என்று அடித்தால் வரும் பட்டியலில் டிஹெச்சிபி சர்வர் என்றே தனியாக ஒரு வரி இருக்கும், கொடுத்தது யார் என்று அதன் முகவரியைச் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும். முகவரி 169.254 என்று தொடங்கினால் அது வேறு நோய், யாருமே பதில் சொல்லவில்லை, ஃபோனோ லேப்டாப்போ தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளைப் பாருங்கள்.

இரண்டு பெட்டிகளுமே 192.168.1.1 என்ற முகவரியோடு வந்திருந்தால் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் எல்லோரின் முகவரியும் பார்க்கச் சரியாகவே இருக்கும், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருக்கிற தெருவில் தபால்காரர் படும் பாடுதான், ஒரு நிமிடம் நெட் வரும், மறு நிமிடம் போகும். அப்போது நடுக் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இனி முடிவு. இரண்டு பெட்டி வைத்திருக்கிற வீட்டுக்கு மூன்று வழி உண்டு. கடைக்காரர் கூடுதலாக ஒன்று சொல்வார், அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதல் வழி, மாடி ரௌட்டரை வெறும் அக்சஸ் பாயிண்டாக மாற்றுவது. அதாவது அதன் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வைஃபை வேலையை மட்டும் கொடுப்பது. புது ரௌட்டர்களில் இதற்கென்றே ஒரு மோட் இருக்கும், ஒரு தட்டலில் முடிந்துவிடும். எங்களுடையது பழசு, கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. நடுக் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை மாடி ரௌட்டரோடு மட்டும் கேபிளில் இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். சேமித்ததும் பழைய முகவரியில் அதன் பக்கம் திறக்காது, பயப்பட வேண்டாம், புது முகவரியில் உள்ளே போய் டிஹெச்சிபியை அணைத்தேன். அந்த வரிசை முக்கியம். முதலில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு முகவரியை மறந்தீர்களானால், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல், கையால் ஒரு முகவரி போட்டு உள்ளே நுழைய வேண்டிவரும். அப்புறம் கேபிளை மறுபடி லேனிலிருந்து லேனுக்கு. வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும், யாராவது ஆர்வக்கோளாறில் அதில் எதையும் செருகாமல் இருக்க நான் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன். இன்னொரு எச்சரிக்கை, 'இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகும்' என்று நினைத்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இரண்டாவது கேபிளைப் போட்டுவிடாதீர்கள். செய்தி வட்டமடித்துக்கொண்டே இருந்து வீட்டு நெட்வொர்க்கே படுத்துவிடும்.

இந்த வழியின் லாபம் பெரியது. வீடு முழுக்க ஒரே நெட்வொர்க். மாடியில் உட்கார்ந்து கீழே இருக்கும் பிரிண்டரில் அச்சடிக்கலாம், கீழே இருக்கும் ஃபோனிலிருந்து மாடி டிவிக்குப் படம் அனுப்பலாம். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வைத்தால் படியேறும்போது ஃபோன் தானாக மாறிக்கொள்ளும், கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனாலும் மாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை மட்டும் கீழே 1, மாடியில் 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள். நஷ்டம் என்றால், பழைய ரௌட்டரின் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் நீங்கள் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தாலும் மாடிக்கு 95ஐத் தாண்டாது. எங்களுக்கு அப்படித்தான். மாடியில் யாரும் குறை சொல்லவில்லை, ஆகவே நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், மாடி ரௌட்டரில் குழந்தைகளுக்காக நேரக் கட்டுப்பாடு ஏதாவது போட்டிருந்தால் அது போய்விடும், விருந்தாளிக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால் பல மலிவு மாடல்களில் அது பேருக்குத்தான் தனியாக இருக்கும், உள்ளே எல்லாம் ஒன்றுதான்.

இரண்டாவது வழி, இரண்டையும் ரௌட்டராகவே விட்டுவிடுவது. கேபிளை மட்டும் மாற்றிப் போடுவது, கீழே லேன் போர்ட், மாடியில் வேன் போர்ட். மாடி ரௌட்டர் தனக்கு ஒரு முகவரியைக் கீழிருந்து வாங்கிக்கொண்டு, மாடிக்குத் தனி நெட்வொர்க் நடத்தும். இரண்டும் ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது. நிபந்தனை ஒன்றே ஒன்று, இரண்டின் லேன் முகவரிகளும் வேறு வேறாக இருக்க வேண்டும், கீழே 192.168.1 என்றால் மாடியில் 192.168.0 அல்லது 192.168.50, எதுவானாலும் சரி. ஒரே மாதிரி இருந்தால் எது வீட்டுக்குள், எது வெளியே என்று ரௌட்டருக்கே தெரியாது.

இதை டபுள் நேட் என்று சொல்லி நெட்டில் திட்டித் தீர்ப்பார்கள். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை, அதாவது முகவரி மாற்றம், இரண்டு முறை நடக்கிறது என்பதுதான் அதன் பொருள். யூடியூப் பார்க்க, வாட்ஸ்அப்பில் பேச, ஆபீஸ் மீட்டிங்கில் தலையாட்ட இதனால் ஒரு கெடுதலும் இல்லை. கேம் கன்சோல் வைத்திருப்பவருக்கும், வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகத் திறக்க ரௌட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, திறந்து வைப்பவருக்கும்தான் தலைவலி, இரண்டு இடத்திலும் திறக்க வேண்டும். அதற்கும் ஒரு பாதி மருந்து உண்டு, கீழ்ப் பெட்டியில் டிஎம்இசட் என்ற இடத்தில் மாடி ரௌட்டரின் முகவரியைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து வருவது எல்லாம் நேராக மாடிக்குப் போய்விடும்.

ஆனால் இந்த வழியை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணத்தில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. 'மாடியில் இருப்பவர் என் கம்ப்யூட்டரைப் பார்க்க முடியாது, அதனால் தனித்தனி' என்பார்கள். உண்மை நேர் எதிர். மாடி ரௌட்டருக்குப் பின்னால் இருப்பவர்தான் பத்திரமாக இருக்கிறார். அவர் கீழே இருக்கும் பிரிண்டரின் முகவரியை அடித்தால் அது திறக்கும், ஏனென்றால் வெளியே போகும் வழியே கீழ் நெட்வொர்க் வழியாகத்தான். கீழே இருப்பவரால்தான் மாடிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. மாடியில் இருப்பவரிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால் இந்த ஏற்பாடு அதைச் செய்யாது, கீழ்ப் பெட்டியில் விருந்தாளி வைஃபை கொடுப்பதே மேல். எங்கள் விஷயத்தில் தம்பிதான், ஒளிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது வழி பிரிட்ஜ் மோட். விஷயம் தெரிந்த நண்பர்கள் எடுத்த எடுப்பில் இதைத்தான் சொல்வார்கள். ஓஎன்டி வெறுமனே ஃபைபரில் வரும் ஒளியைக் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கும், மற்ற எல்லாப் பொறுப்பும் உங்கள் சொந்த ரௌட்டருக்கு. பிஎஸ்என்எல் ஃபைபர் மாதிரி பிபிபிஓஇ, அதாவது லாகின் செய்து உள்ளே நுழையும் முறையில் ஓடும் இணைப்புகளில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உங்கள் ரௌட்டரில் போட வேண்டும், சில இடங்களில் விலேன் எண் (எந்தத் தடத்தில் போவது என்று சொல்வது) ஒன்றும் வேண்டும், எம்டியூ, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவு, 1492 என்று இருக்க வேண்டும். ரௌட்டர் நல்லதாக இருந்தால் இந்த ஏற்பாடு அருமையாக ஓடும், மறுக்கவில்லை.

நானும் ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்காக முயன்றேன். லோக்கல் ஆளிடம் பாஸ்வேர்ட் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு சார், ஓடுதுல்ல" என்றார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது, பிரிட்ஜில் போட்டால் பெரும்பாலும் ஓஎன்டியின் சொந்த வைஃபையால் பயனில்லாமல் போகும். அப்படியானால் இரண்டு மாடி வீட்டில் மிஞ்சுவது ஒரே ஒரு வைஃபை. நான் தீர்க்க வந்ததே மாடிக்கு சிக்னல் வரவில்லை என்ற பிரச்சினையை, இது என்னை மறுபடி அங்கேயே கொண்டுவந்து நிறுத்தும், மூன்றாவது பெட்டி ஒன்று வாங்கினால்தான் கதை நடக்கும். ஓஎன்டியில் லேண்ட்லைன் ஃபோன் செருகியிருந்தால் அது பிழைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்தே பெட்டியின் அமைப்பை மாற்ற முடியும் என்பதால், என்றாவது ஒரு ராத்திரி அப்டேட் வந்து பிரிட்ஜ் பழையபடி ரௌட்டராகிவிடவும் வாய்ப்பு உண்டு. அப்புறம் நெட் நின்றால் முதல் பதில் "உங்க ரௌட்டர்ல ஏதோ பிரச்சினை சார்" என்பதாகத்தான் இருக்கும்.

பிரிட்ஜ் பற்றி யோசிக்கும் முன் ஒன்று பாருங்கள். கீழ்ப் பெட்டியின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி என்று என்ன இருக்கிறது? 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், கம்பெனியே தன் பக்கத்தில் ஒரு முகவரி மாற்றம் செய்து பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. 2012ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. அப்படியிருந்தால் நீங்கள் வீட்டுக்குள் டபுள் நேட்டை ஒழித்தாலும் வெளியே ஒன்று காத்துக்கொண்டுதான் இருக்கும், போர்ட் திறக்கும் ஆசையும் நடக்காது. பிரிட்ஜுக்காகப் படும் பாட்டில் பெரும்பகுதி அங்கேயே வீண். கம்பெனியிடம் காசு கட்டித் தனி ஐபி வாங்கியவர்களுக்கும், ரௌட்டரைத் தோண்டித் துருவிப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கும்தான் நான் இதைச் சொல்வேன்.

கடைக்காரர் சொல்லும் நான்காவது வழி ரிப்பீட்டர், சுவரில் செருகும் குட்டிப் பெட்டி. கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்கு வேண்டுமானால். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகையானால் வேகம் பாதியாகிவிடும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் செட் வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், அதையும் அக்சஸ் பாயிண்ட் மோடில் போட மறந்தால் மேலே சொன்ன டபுள் நேட்தான், புதுப் பெட்டி என்பதால் சட்டம் மாறாது.

ஆக, நான் முதல் வழிதான் எடுத்தேன். யாருக்கு எந்த வழி என்று என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: நீங்கள் ஊரில் இல்லாத நாளில் நெட் நின்றால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? எங்கள் வீட்டில் அப்பா ஸ்விட்சைப் போட்டு அணைப்பார், அவ்வளவுதான். அக்சஸ் பாயிண்டாக இருந்தால் அந்த ஒரு வேலையே போதும், எது முதலில் எழுந்தாலும் முகவரி கொடுப்பது ஒருவர்தான்.

முதல் வழி எடுத்தும் எனக்கு முழுதாகத் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் நாள் அம்மா ஃபோன் மட்டும் விட்டு விட்டு வந்தது. இப்போது முகவரி கொடுப்பவர் ஒருவர்தான், பிறகென்ன? பார்த்தால், கேமரா மாட்ட வந்த பையன் டிவிஆரில், அதாவது கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டியில், 192.168.1.100 என்று கையாலேயே முகவரி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஓஎன்டிக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு அதே 100ஐ அம்மா ஃபோனுக்கும் கொடுத்துவிட்டது. தீர்வு சுலபம், ஓஎன்டி கொடுக்கும் முகவரிகளை 101 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டேன். 1 கீழ்ப் பெட்டி, 2 மாடி, 10 முதல் 100 வரை டிவிஆர், பிரிண்டர் மாதிரி நகராத சாமான்களுக்கு. ஃபோன்களுக்கு முகவரி ஒதுக்கி வைக்க முயல வேண்டாம், இப்போதைய ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் ரௌட்டர் ஆளை அடையாளம் காணும் மேக் முகவரியை நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் பொய்யாகத்தான் காட்டுகின்றன, நெட்வொர்க்கை மறந்துவிட்டு மறுபடி சேர்ந்தால் சில ஃபோன்களில் அதுவும் மாறிவிடும். ஒதுக்கியே ஆக வேண்டுமானால் அந்த வைஃபைக்கு மட்டும் ஃபோனில் அந்த வசதியை அணைக்க வேண்டும்.

பழைய ரௌட்டரை யாராவது பின்னால் இருக்கும் துளையில் ஊசியால் குத்தி ரீசெட் செய்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அது மறுபடி 192.168.0.1 ஆகி முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். போன மாதம் தம்பி மகன் அதைத்தான் செய்தான். அடுத்த கரண்ட் கட்டில் கண்டுபிடித்துவிட்டேன், இந்த முறை பத்து நிமிடம்தான். இப்போது அந்தத் துளை மேலும் ஒரு டேப்.